திரை பக்கத்தில், காட்சி தூரத்தில்

கிட்டப்பார்வை உள்ளவர்கள் முதன்முறை ஒரு விஆர் (மெய்நிகர் உலகைக் காட்டும்) ஹெட்செட்டைக் கையில் வாங்கியதும் பெரும்பாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும்; தூரத்தில் இருப்பதுதான் மங்கும். ஹெட்செட்டின் திரையோ கண்ணிலிருந்து நாலைந்து சென்டிமீட்டரில் இருக்கிறது. பிறகு கண்ணாடி எதற்கு?

மாட்டிப் பார்த்தால் எதிரே நிற்கும் மலை மங்கல். கைக்கெட்டும் தூரத்தில் மிதக்கும் பொத்தானும் மங்கல். அதே ஹெட்செட்டை, செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசிக்கிற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வாங்கி, வெறும் கண்ணோடு மாட்டிக்கொண்டு, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்பார். கிட்டத்தில் பார்க்க முடிந்தவருக்குத் தெரியவில்லை, முடியாதவருக்குத் தெரிகிறது. இது ஏன் இப்படித் தலைகீழாகிறது என்று புரிந்துவிட்டால், யாருக்கு என்ன கண்ணாடி வேண்டும் என்ற கேள்விக்கு நாமே விடை சொல்லிக்கொள்ளலாம்.

ஒளி எந்தத் தூரத்திலிருந்து வருகிறது?

ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளிக்கதிர்கள் விரிந்துகொண்டே போகின்றன. புள்ளி பக்கத்தில் இருந்தால், கண்ணை வந்தடையும் கதிர்கள் நன்றாக விரிந்திருக்கும். தொலைவில் இருந்தால் கிட்டத்தட்ட இணையாக வரும். பொருள் எங்கே இருக்கிறது என்பது கண்ணின் லென்ஸுக்குத் தெரியாது. வந்து சேரும் கதிர்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதற்கு ஏற்ப அவற்றை மடக்கி விழித்திரையில் குவிப்பதுதான் அதன் வேலை.

இந்த விரிவை அளக்கும் அலகு டயாப்டர். கணக்கு எளிது: ஒன்றை, மீட்டரில் உள்ள தொலைவால் வகுக்க வேண்டும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பொருளின் ஒளி 1 டயாப்டர் விரிவோடு வரும். அரை மீட்டர் என்றால் 2, கால் மீட்டர் என்றால் 4. நாலு சென்டிமீட்டரில் ஒரு திரை இருந்தால் 25. லென்ஸ் நன்றாக வளைந்து கொடுக்கிற சிறுவர்களின் கண்கூட ஏறக்குறைய 12, 14 டயாப்டருக்கு மேல் சமாளிக்காது. ஆகவே, ஹெட்செட்டின் திரையை வெறும் கண்ணால் தெளிவாகப் பார்ப்பது யாராலும் ஆகாத காரியம்.

அதனால்தான் ஒவ்வொரு கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஒரு வலுவான குவி லென்ஸ் இருக்கிறது. அதன் பவர் 25 டயாப்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் குவியத் தொலைவு 40 மில்லிமீட்டர். திரையை அதைவிடக் கொஞ்சம் பக்கத்தில், 38.8 மில்லிமீட்டரில் வைத்தால் திரையிலிருந்து வரும் ஒளியின் விரிவு 25.77 டயாப்டர். அதில் 25 டயாப்டரை லென்ஸ் மடக்கிவிடுகிறது. மிஞ்சுவது 0.77. அதாவது 1.3 மீட்டர் தொலைவில் உள்ள ஒரு பொருளிலிருந்து வந்தால் எப்படியோ, அப்படித்தான் ஒளி கண்ணை வந்தடைகிறது. இன்றைய ஹெட்செட்டுகள் பலவற்றில் இந்த மாய பிம்பத்தின் தொலைவு ஒன்றிலிருந்து இரண்டு மீட்டருக்குள் அமைகிறது. மலையானாலும் பொத்தானானாலும், கண் லென்ஸைப் பொறுத்தவரை எல்லாமே அந்த ஒரே தொலைவில்தான் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. சுவரில் மாட்டிய தினசரி காலண்டரிலிருந்து நாலேகால் அடி தள்ளி நில்லுங்கள். கண்ணாடியைக் கழற்றுங்கள். தேதியின் பெரிய எண் எப்படியும் தெரியும். அதன் கீழே நல்ல நேரம், ராகுகாலம் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை வாசிக்க முடிகிறதா? முடிந்தால் அந்த ஹெட்செட்டுக்குக் கண்ணாடி பெரும்பாலும் தேவைப்படாது (பிளஸ் பவர்காரர்கள் மட்டும் விதிவிலக்கு; அதைப் பின்னால் பார்ப்போம்). எழுத்து கரைந்து தெரிந்தால், உள்ளேயும் காட்சி அப்படியேதான் கரையும்.

சீட்டில் இருக்கும் எண்கள்

கண் பரிசோதனை முடிந்ததும் தரும் சீட்டை எடுத்துப் பார்ப்போம். வலது கண்: ஸ்ஃபியர் -3.00, சிலிண்டர் -1.25, ஆக்ஸிஸ் 170. இடது கண்ணுக்கும் இதேபோல் மூன்று எண்கள். வயது நாற்பதைக் கடந்தவர் என்றால் ‘ஆட்’ என்று, வாசிப்புக்கான கூடுதல் பவரைக் குறிக்கும் இன்னொரு எண்ணும் சேரும். இவை ஒவ்வொன்றும் ஹெட்செட்டுக்குள் வெவ்வேறு விதமாக வேலை செய்கின்றன.

ஸ்ஃபியர் -3 என்றால், அந்தக் கண் ஓய்வாக இருக்கும்போதே 33 சென்டிமீட்டரில் உள்ள பொருளுக்கு ஃபோகஸ் ஆகி நிற்கிறது என்று பொருள். அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் மங்கும். 1.3 மீட்டர் பிம்பமும் அதற்கு அப்பால்தான் இருக்கிறது. -0.75 பவர் உள்ளவருக்கு அந்த எல்லை 1.33 மீட்டர். அவர் தெருவில் நடக்கக் கண்ணாடி போட்டாலும் இந்த ஹெட்செட்டை வெறும் கண்ணோடு மாட்டிக்கொள்ளலாம். -1-இல் லேசாக மங்கத் தொடங்கும். -2, -3 என்று போகப்போகக் கண்ணாடி இல்லாமல் காலம் தள்ள முடியாது.

பிளஸ் பவர்காரர்களின் சங்கதி வேறு, ஏமாற்றக்கூடியது. இருபது வயதில் +2 உள்ள ஒருவர் கண்ணாடி இல்லாமலேயே தெளிவாகப் பார்ப்பார். ஆனால் அந்தத் தெளிவைத் தருவது, லென்ஸை விடாமல் இறுக்கிப் பிடித்திருக்கும் கண் தசை. ஹெட்செட்டுக்குள் தன் குறைக்கான 2 டயாப்டர், பிம்பத்துக்கான 0.77 என இரண்டையும் சேர்த்து அது இழுக்க வேண்டும். வெளியில் ஜன்னல் பக்கம் திரும்பித் தூரத்தைப் பார்த்தால் தசைக்குச் சற்று ஓய்வு உண்டு. உள்ளே அது கிடையாது. அரைமணியில் நெற்றி வலிக்கும். ‘விஆர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அவர் முடிவுகட்டிவிடுவார். தெளிவாகத் தெரிகிறது என்பதாலேயே கண்ணாடி வேண்டாம் என்று ஆகிவிடாது.

சிலிண்டர் என்பது பார்வைச் சிதறல் குறைபாட்டின் அளவு. கருவிழியின் முன்பரப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளைந்திருக்காமல், ஒரு திசையில் கூடவும் இன்னொரு திசையில் குறையவும் வளைந்திருந்தால், ஒரு திசைக் கோடுகள் தெளிவாகவும் அதற்குக் குறுக்கே உள்ள கோடுகள் பூசினாற்போலவும் தெரியும். எந்தத் திசை என்று சொல்வது ஆக்ஸிஸ். பிம்பத்தை எந்தத் தொலைவில் கொண்டுபோய் வைத்தாலும் இந்தக் குறை தீராது. திசைக்கு ஏற்றபடி வளைத்துத் தேய்த்த லென்ஸ்தான் தீர்க்கும்.

முன்பு சின்னச் சின்ன சிலிண்டரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அதற்குக் காரணம் திரை. 2013-இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட்டின் முதல் டெவலப்பர் கிட்டில் ஒரு கண்ணுக்கு 640 × 800 புள்ளிகள் மட்டுமே. பார்வைப் பரப்பில் ஒரு டிகிரிக்கு ஏழு புள்ளி அளவில்தான் வரும். கண் கூர்மையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் படம் கட்டம் கட்டமாகவே தெரிந்தது. 2023-இன் குவெஸ்ட் 3-இல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 25 புள்ளிகள். நல்ல கண் ஏறக்குறைய 60 வரை பிரித்தறியும். திரை கூர்மையாக ஆக, இதுவரை அதன் பின்னே ஒளிந்திருந்த கண்ணின் சிறு குறைகள் வெளியே தெரிய வருகின்றன. அரை டயாப்டர் சிலிண்டர்கூட, மெய்நிகர் திரையில் ஒரு பக்கம் எழுத்தை வாசிக்கும்போது உறுத்தும்.

வெள்ளெழுத்துக்காரரின் சௌகரியம்

வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் கெட்டிப்பட்டு, வளைந்து கொடுக்கும் திறன் குறைகிறது. நாற்பதுகளின் நடுவில் வாசிப்புக் கண்ணாடி தேவைப்படத் தொடங்குவது இதனால்தான். ஆனால் ஹெட்செட் கேட்பது வெறும் 0.77 டயாப்டர். ஐம்பது வயதுக் கண்ணிலும் அவ்வளவு மிச்சம் இருக்கும். தூரத்துக்குப் பவர் எதுவும் இல்லாதவர் வாசிப்புக் கண்ணாடியை மேஜையிலேயே வைத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டலாம். புத்தகத்தில் 30 சென்டிமீட்டரில் படிக்க முடியாத எழுத்தை, மெய்நிகர் உலகில் முகத்தருகே கொண்டுவந்தாலும் அவரால் படிக்க முடியும். அதன் ஒளி அப்போதும் 1.3 மீட்டரிலிருந்துதானே வருகிறது!

சிக்கல் வருவது புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவருக்கு. அந்த லென்ஸின் மேற்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி வாசிப்புக்கு. ஹெட்செட்டுக்குள் கீழே இருக்கும் மெனுவைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தினால், பார்வை வாசிப்புப் பகுதி வழியாகப் போகும். ‘ஆட்’ +2 என்றால் அந்த இடம் அரை மீட்டருக்கு ஏற்றது, 1.3 மீட்டர் பிம்பம் அதில் மங்கும். எனவே ஹெட்செட்டுக்கு ஒற்றைப் பவர் கொண்ட தூரக் கண்ணாடியே நல்லது. பழைய தூரக் கண்ணாடி வீட்டில் இருந்து, பவரும் அதிகம் மாறாமல் இருந்தால் அதுவே போதும்.

கண்ணாடியோடே மாட்டினால்

கண்ணுக்கும் ஹெட்செட்டின் லென்ஸுக்கும் இடையே கண்ணாடி நுழைய வேண்டுமென்றால் இடம் வேண்டும். இதற்காக ஆக்குலஸ் கோ, குவெஸ்ட் 2 போன்றவற்றில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கூடவே கொடுத்தார்கள். முகத்தில் பதியும் பட்டைக்கும் ஹெட்செட்டின் உடலுக்கும் நடுவே அதைச் செருகினால் லென்ஸ் சற்று முன்னே தள்ளிப் போகும். குவெஸ்ட் 3-இல் முகப்பட்டையையே நாலு நிலைகளில் முன்பின்னாக நகர்த்தலாம். இந்த இடத்துக்கு ஒரு விலை உண்டு. லென்ஸிலிருந்து கண் விலகினால், ஜன்னலை விட்டுப் பின்வாங்கி நின்றாற்போல, காட்சியின் பரப்பு சுருங்கும். ஓரங்களில் கறுப்பு வளையம் பெரிதாகும்.

அடுத்த ஆபத்து கீறல். ஹெட்செட்டின் லென்ஸ்கள் பிளாஸ்டிக். மூக்குக்கண்ணாடியில் உள்ளது போன்ற கெட்டியான மேற்பூச்சு அவற்றில் பெரும்பாலும் கிடையாது. தலையைத் திருப்பித் திருப்பி விளையாடும்போது கண்ணாடி அதன்மேல் உரசினால் பார்வையின் நட்டநடுவே கீறல் விழும். கண்ணாடி லென்ஸைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். ஹெட்செட்டின் லென்ஸை அப்படி மாற்ற முடியாது. அதனால் ஹெட்செட்டை முன்பக்கத்திலிருந்து கண்ணாடியின் மேல் பதித்துவிட்டுப் பிறகு பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுக்க வேண்டும். கழற்றும்போதும் முன்பக்கம் நேராக விலக்கியே எடுக்க வேண்டும். அகலமான ஃபிரேமைவிட, முகத்தோடு ஒட்டி நிற்கும் சிறிய ஃபிரேம் பாதுகாப்பானது.

காண்டாக்ட் லென்ஸ் போட்டவருக்கு இந்த இடப் பிரச்சினை கிடையாது. ஆனால் திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. கண் உலர்ந்து உறுத்தினால் கழற்றி ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

லென்ஸை உள்ளேயே பொருத்துவது

கண்ணாடியின் கம்பியும் ஃபிரேமும் ஹெட்செட்டுக்குள் வீண் சுமை. தேவைப்படுவது லென்ஸ் மட்டும். அதை நம் பவருக்குத் தேய்த்து, ஒரு மெல்லிய வளையத்தில் பதித்து, ஹெட்செட்டின் லென்ஸ்மீது பொருத்துவதே இன்றைக்கு இருப்பதில் சிறந்த வழி. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோவில் கண்ணாடிக்கு இடமே வைக்கவில்லை. பவர் உள்ளவர்களுக்காக ஜெய்ஸ் நிறுவனம் செய்துதரும் லென்ஸ்கள் காந்தத்தால் உள்ளே ஒட்டிக்கொள்ளும். 3,499 டாலர் கொடுத்து ஹெட்செட் வாங்கியவர், மருத்துவர் சீட்டுப்படி செய்யும் இந்த லென்ஸுக்கு மேலும் 149 டாலர் கட்ட வேண்டியிருந்தது.

அந்த ஹெட்செட் நம் விழி திரும்பும் திசையைப் பார்த்தே இயங்குகிறது. உள்ளே உள்ள சிறு விளக்குகள் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை விழியின்மேல் வீச, கேமராக்கள் அதன் பிரதிபலிப்பைப் படிக்கின்றன. நடுவே ஒரு பவர் லென்ஸ் வந்தால் கேமராவுக்கும் விழி இடம் மாறித் தெரியும். ஆகவே ஒவ்வொரு ஜோடி லென்ஸுடனும் ஒரு குறியீடு வருகிறது. அதைக் காட்டினால் ஹெட்செட் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். கண்ணாடி போட்ட கண்ணை முதலிலேயே மனத்தில் வைத்து வடிவமைத்தால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இப்படி லென்ஸ் செய்யக் கொடுக்கும்போது, இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளந்து வாங்கிக்கொள்வது நல்லது. பெரியவர்களுக்கு அது சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆனால் 54-இலிருந்து 74 வரை ஆளுக்கு ஆள் மாறும். ஹெட்செட்டின் இரு லென்ஸ்களையும் அந்த அளவுக்கு நகர்த்தி வைத்தால்தான் தெளிவான நடுப்பகுதி வழியே பார்ப்போம். குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள் இருந்தன. குவெஸ்ட் 3-இல் ஒரு திருகாணியைத் திருப்பி 58-லிருந்து 71 வரை வைத்துக்கொள்ளலாம். பவர் சரியாக இருந்தும் மங்கலாகத் தெரிகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொரு எச்சரிக்கை: 25 டயாப்டர் லென்ஸ் என்பது வலுவான ஒரு பூதக்கண்ணாடி. ஜன்னலோரம் லென்ஸ் வெயிலைப் பார்த்திருக்கும்படி ஹெட்செட்டை வைத்தால், சூரிய ஒளி குவிந்து திரையைப் பொசுக்கிவிடும்.

ஹோம்ஸ் செய்து காட்டியது

பவர் லென்ஸே இல்லாமல் குறையைச் சரிசெய்ய முடியுமா? கணக்குக்குத் திரும்புவோம். -3 கண்ணுக்கு ஒளி இன்னும் 3 டயாப்டர் கூடுதலாக விரிந்து வர வேண்டும். திரையை லென்ஸுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனால் அது நடக்கும். 38.8 மில்லிமீட்டரில் இருந்த திரையை 34.8-க்கு நகர்த்தினால் போதும். வெறும் நாலு மில்லிமீட்டர்!

இந்த யோசனை புதிதல்ல. இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டி ஆழத்தை உண்டாக்கலாம் என்று சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் விளக்கினார். அவர் பயன்படுத்தியவை கண்ணாடி ஆடிகள். டேவிட் புரூஸ்டர் அதை லென்ஸ் வைத்த பெட்டியாக்கினார். 1861 வாக்கில் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கையில் பிடித்துப் பார்க்கும் மலிவான ஸ்டீரியோஸ்கோப் ஒன்றை வடிவமைத்தார். காப்புரிமை கேட்காமல் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தார். அதில் படத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒரு மரக்கட்டைமீது முன்னும் பின்னும் நகரும். பார்ப்பவர் தன் கண்ணுக்கு எங்கே தெளிகிறதோ அங்கே அதை நிறுத்திக்கொள்வார். கிட்டப்பார்வைக்காரர் சட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார், வேலை முடிந்தது.

விஆரின் மறுபிறப்பிலும் இது வந்து வந்து போனது. ரிஃப்ட்டின் முதல் கிட்டில் ஏ, பி, சி என்று மூன்று ஜோடி லென்ஸ் கிண்ணங்கள் இருந்தன; ஏ சாதாரணக் கண்ணுக்கு, மற்ற இரண்டும் கிட்டப்பார்வைக்கு. சாம்சங் கியர் விஆரின் தலையில் ஒரு சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் செருகிய போன் லென்ஸை நோக்கி நகரும். 2021-இன் ஹெச்டிசி வைவ் ஃபுளோவிலும் 2023-இன் எக்ஸ்ஆர் எலிட்டிலும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனித் திருகு வந்தது. -6 வரை சரிசெய்யலாம். கிட்டப்பார்வைக்காரர்களில் பெரும்பாலோர் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுவார்கள். சிலிண்டரை மட்டும் திருகால் தீர்க்க முடியாது. ஆனால் ஒரே ஹெட்செட்டைப் பலர் மாறி மாறி மாட்டும் பள்ளிக்கூடத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

நல்ல கண்ணுக்கும் தீராத சிக்கல்

எல்லாம் ஒரே தொலைவில் ஃபோகஸ் ஆவதால் கண்ணாடி போடாதவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு. மெய்நிகர் பூ ஒன்று 30 சென்டிமீட்டரில் தெரிகிறது. அதைப் பார்க்க இரு விழிகளும் மூக்கை நோக்கி உள்ளே திரும்புகின்றன. நிஜ உலகில் விழி உள்ளே திரும்பினால் லென்ஸும் கூடவே 3.3 டயாப்டருக்கு வளையும். இங்கே அது 0.77-லேயே நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து சேர்ந்தே இயங்கிய இரண்டு செயல்களைப் பிரிக்கச் சொல்கிறோம். இந்த முரண் பார்வைத் திறனைக் குறைத்துக் கண்ணைக் களைக்கவைக்கிறது என்று 2008-இல் டேவிட் ஹாஃப்மன், மார்ட்டின் பேங்க்ஸ் முதலானோர் சோதனைகளால் காட்டினார்கள்.

இதைத் தீர்க்க, கண் எங்கே பார்க்கிறது என்று அறிந்து பிம்பத்தின் தொலைவையும் உடனுக்குடன் மாற்றும் ஹெட்செட்டுகள் ஆய்வுக்கூடங்களில் உருவாகின. ஃபேஸ்புக்கின் ‘ஹாஃப் டோம்’ மாதிரியில் முதலில் திரையே நகர்ந்தது. பிறகு, நகரும் பாகம் எதுவும் இல்லாமல், மின்சாரத்தால் பவர் மாறும் திரவப் படிக லென்ஸ்கள் ஆறை அடுக்கி 64 ஃபோகஸ் நிலைகளை உண்டாக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டில் நித்தீஷ் பத்மநாபனும் கார்டன் வெட்ஸ்டைனும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஒருபடி மேலே கொண்டுபோனது: ஃபோகஸை மாற்ற முடிகிற ஹெட்செட், பார்ப்பவரின் வயதையும் அவர் கண்ணின் குறையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நகரும் ஃபோகஸுக்கும் மூக்குக்கண்ணாடி பவருக்கும் தீர்வு ஒன்றே. நல்ல கண்ணுக்காகச் செய்யும் கருவியே குறையுள்ள கண்ணுக்கும் உதவும்.

துணைப்பொருள் அல்ல

2050-க்குள் உலக மக்களில் பாதிப்பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று பிரையன் ஹோல்டன் பார்வை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016-இல் கணித்தார்கள். வெள்ளெழுத்தோ, நாற்பதைத் தாண்டிய யாரையும் விடுவதில்லை. இவர்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் ‘சாதாரணக் கண்’ என்பது சிறுபான்மைதான். ஆனாலும் இன்றைக்கு விற்கும் பெரும்பாலான ஹெட்செட்டுகளில் பவர் லென்ஸ் தனியே காசு கொடுத்து வாங்கும் துணைப்பொருள். பட்டையை எல்லாத் தலைக்கும் ஏற்றபடி இழுத்துச் சுருக்க வழி செய்தவர்கள், பார்வைக்கும் அதைச் செய்திருக்க வேண்டும்.

செய்தே ஆக வேண்டும் என்ற இடத்தில் அது நடந்திருக்கிறது. ஒரு கண் சரியாகப் பழகாமல் சோம்பிப்போகும் குறைபாடு குழந்தைகளுக்கு வருவதுண்டு. இரு கண்களுக்கும் வேறுவேறு விதமாக மாற்றிய படங்களை ஹெட்செட்டில் காட்டி, சோம்பிய கண்ணையும் வேலை செய்யவைக்கும் ‘லூமினோப்பியா ஒன்’ என்ற சிகிச்சைக்கு, 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காக, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் அனுமதி தந்தது. அந்த அனுமதியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: குழந்தை தன் கண்ணாடியை எப்போதும் போட்டிருக்க வேண்டும், ஹெட்செட்டுக்கு உள்ளேயும் அதைக் கழற்றக் கூடாது. மங்கிய படத்தால் கண்ணைப் பழக்க முடியாது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். பாடம் படிக்கவும் அறுவைச் சிகிச்சை பழகவும் வேலை பார்க்கவும் இதே கருவியை நம் முகத்தில் மாட்டச் சொல்கிறவர்கள், அதே நிபந்தனையைத் தங்களுக்கும் விதித்துக்கொள்ள வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஹெட்செட் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் கண் சீட்டையும் எடுத்துச் சென்று, இந்த எண்களுக்கு உங்கள் கருவியில் என்ன வழி என்று முதல் கேள்வியாகக் கேட்பது.